பராமரிப்பு கம்மியா எந்த செல்லப்பிராணி வளக்கலாம்? சென்னை ஃப்ளாட், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்

ஓஎம்ஆர்_வித்யா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பெருங்குடில வாடகை ஃப்ளாட்ல இருக்கோம், ரெண்டு பெட்ரூம், நாலாவது மாடி. நானும் வீட்டுக்காரரும் ஐடி, காலைல எட்டரைக்கு கெளம்பினா திரும்பி வர ஏழு ஏழரை ஆயிடும், பொண்ணு மூணாவது படிக்கிறா, ஸ்கூல் விட்டு வந்து கீழ் வீட்டு ஆன்ட்டி கூட இருப்பா. ஏதாவது ஒண்ணு வளக்கலாம்னு ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கா, ஒரே பொண்ணு, வீட்ல கூட விளையாட யாரும் இல்ல, அவ கேக்கறதுல நியாயம் இருக்குன்னு தான் எனக்கும் தோணுது. ஆனா மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு காரைக்குடி போயிடுவோம், மாமனார் மாமியார் அங்க தான், பொங்கல், மே மாசம்னா பத்து நாள் கூட ஆகும். வீட்ல சைவம். நாய் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட்லயே போட்டிருக்கார், நாய்க்கு நேரம் குடுக்க எங்களால முடியாதுன்னும் தெரியும். ஆமை, லவ் பேர்ட்ஸ், ஹாம்ஸ்டர், மீன், பூனை இதுல எதுக்கு பராமரிப்பு கம்மி? வாங்கிட்டு வந்து அது நம்மகிட்ட கஷ்டப்படக் கூடாது, அதான் முதல்லயே கேக்கறேன்.

மதுரை_பாண்டி

ஆமை வாங்குங்கக்கா. எங்க தெருல ஒரு வீட்ல வச்சிருக்காங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கீரை போடுவாங்க அம்புட்டுதேன், அது பாட்டுக்கு மூலைல கெடக்கும். சத்தம் கெடையாது, கடிக்காது, வீட்டுக்கும் நல்லதுன்னு சொல்லுவாங்க.

வேப்பேரி_கால்நடை_மாணவி

பாண்டி அண்ணா, கீரை திங்குற தரை ஆமைன்னா அது அனேகமா நட்சத்திர ஆமையா தான் இருக்கும், முதுகுல மஞ்சள் கோடு நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கும். தயவுசெஞ்சு யாருக்கும் அதை சிபாரிசு பண்ணாதீங்க. வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 1972 ப்படி அதை வீட்ல வெக்கறதே குத்தம், 2022 திருத்தத்துல அதை முதல் அட்டவணைக்கே மாத்திட்டாங்க, புலி யானை இருக்கற அதே அட்டவணை. குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை. சென்னை ஏர்போர்ட்ல பெட்டி பெட்டியா புடிக்கிறாங்களே அது இந்த ஆமை தான், 2019 லயே உலக அளவுல வியாபாரத்துக்கு தடை போட்டாச்சு. கடைல யாராவது "ரகசியமா இருக்கு, வேணுமா"ன்னு கேட்டா அது எங்கயோ காட்டுல இருந்து பொறுக்கிட்டு வந்தது, அப்படி கொண்டு வர்றதுல வழிலயே செத்துப் போறது எவ்ளோன்னு யோசிச்சுப் பாருங்க.

பச்சைக்கிளி, முனியா குருவி இதுக்கும் இதே சட்டம் தான். ஜோசியக்காரர் கூண்டுல பாத்துப் பாத்து பழகிட்டோம், அதனால தப்புன்னே நமக்கு தோணறதில்ல.

மதுரை_பாண்டி

எனக்கு இம்புட்டு தெரியாதும்மா. அப்ப மீன் கடைல குட்டி குட்டியா பச்சை ஆமை விக்கிறாய்ங்கள்ல, காதுகிட்ட செவப்பு கோடு இருக்குமே, அது தண்ணி ஆமைதான, அதை வாங்கலாம்ல?

வேப்பேரி_கால்நடை_மாணவி

அது அமெரிக்க ஆமை அண்ணா, நம்ம ஊர் இனமே இல்ல. கடைல பாக்கும்போது ஒரு ரூபா காசு, அஞ்சு ரூபா காசு அளவுல தான் இருக்கும், ஆனா பெண் ஆமை ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும், 30 வருஷம் கூட வாழும். அந்த பிளாஸ்டிக் டப்பா, நடுவுல ஒரு பிளாஸ்டிக் தென்ன மரம், அதுல எல்லாம் வளக்க முடியாது. நீந்த பெரிய தொட்டி, ஏறி உக்காந்து காய ஒரு மேடு, வெயில் இல்லன்னா புற ஊதா விளக்கு, நல்ல ஃபில்டர் இவ்ளோ வேணும். வெயில் படாத ஆமைக்கு ஓடு மெத்துன்னு ஆகி வளைஞ்சு போயிடும், எங்க ஓபிக்கு அப்படி தான் தூக்கிட்டு வருவாங்க, கண்ணு ரெண்டும் வீங்கி மூடி இருக்கும், வீட்ல கேட்டா "நல்லா தான் வளத்தோம் மேடம், தினம் சாப்பாடு போட்டோம்"னு உண்மையாவே சொல்லுவாங்க.

இன்னொண்ணு, ஆமை உடம்புல சால்மொனெல்லா கிருமி சாதாரணமா இருக்கும், குழந்தைங்க தொட்டுட்டு வாயில கைய வெச்சா வாந்தி பேதி. இதுக்காகவே அமெரிக்காவுல 4 இன்ச்சுக்கு கீழ இருக்கற ஆமை விக்கக் கூடாதுன்னு 1975 லயே தடை. பெருசானதும் வெச்சுக்க முடியாம குளத்துல ஏரில கொண்டு போய் விடறாங்க, அது நம்ம ஊர் ஆமையோட இடத்தையும் சாப்பாட்டையும் புடுங்கிக்குது. கேரளால பீச்சிங்கற ஊர்ல இருக்கற வன ஆராய்ச்சி நிறுவனம் "வெளில விடாதீங்க, எங்ககிட்ட கொண்டாந்து குடுங்க"ன்னு கேட்டு வாங்குற நிலைமைக்கு வந்தாச்சு. வித்யாக்கா லிஸ்ட்ல இருந்து ஆமைய அடிச்சிடுங்க.

ஓஎம்ஆர்_வித்யா

அடிச்சாச்சு மா. ஆமைக்கு தான் ரொம்ப கம்மி வேலைன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

சிங்கை_செல்வி

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், ஹாம்ஸ்டர் பத்தி மட்டும் சொல்றேன், இங்க எச்டிபிங்கற அரசாங்க அடுக்குமாடி வீடுங்கள்ல இது ரொம்ப சகஜம், எங்க வீட்லயும் பையனுக்காக வெச்சிருந்தோம். பகல் முழுக்க தூங்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல தான் எழுந்து சக்கரத்துல ஓடும், பிள்ளைங்க அப்ப தூங்கிடுவாங்க, பகல்ல எழுப்பினா பயந்து கடிக்கும். ஆயுசு ரெண்டு ரெண்டரை வருஷம் தான், மூணாவது படிக்கிற புள்ளைக்கு அது போறப்போ தாங்கிக்கறது கஷ்டம், அதுக்கும் நீங்க தயாரா இருக்கணும். முக்கியமா சூடு ஆகாது, 30 டிகிரி தாண்டினாலே திணறிடும். இங்க ஏர்கான் ஓடிட்டே இருக்கற வீட்ல சரி, நீங்க காலைல எல்லாத்தையும் அணைச்சிட்டு வேலைக்குப் போற வீட்ல சென்னை மே மாசத்துல எனக்கு சரியா படல.

பூனைக்கு இங்க 1989 ல இருந்து எச்டிபில தடை இருந்துச்சு, 2024 செப்டம்பர்ல தான் எடுத்தாங்க, ஒரு வீட்டுக்கு ரெண்டு பூனை வரைக்கும் லைசென்ஸ் போட்டு வெச்சுக்கலாம், மைக்ரோசிப் கட்டாயம். நேரம் கொஞ்சமா இருக்கறவங்களுக்கு என் ஓட்டு பூனைக்கு.

கோவை_பட்ஜி

வணக்கமுங்க. நாங்க பட்ஜி வெச்சிருக்கோமுங்க, கடைல லவ் பேர்ட்ஸ்னு குடுக்கறது பெரும்பாலும் இதுதான், ஆஸ்திரேலியா பறவை, சட்டப்படி பிரச்சனை இல்ல, காக்கடீல் கிளியும் அப்படித்தான். தினமும் வேலைன்னு பாத்தா தெனை, கம்பு போடணும், தண்ணி மாத்தணும், கூண்டுக்கு அடில பேப்பர் மாத்தணும், பத்து நிமிஷம் ஆகுமுங்க. வெறும் தானியம் மட்டும் போட்டா ஈரல் கெட்டுப் போயிடும், கொத்தமல்லி, முருங்கைக் கீரை, கேரட் துருவல் தினமும் கொஞ்சம் வெக்கணும், கால்சியத்துக்கு கடல் நுரை, அதாவது கணவாய் ஓடு ஒண்ணு கூண்டுல மாட்டி விடுங்க.

ஆனா வீடு பூரா தானியத் தொலி பறக்கும், நீங்க கூட்டக் கூட்ட வந்துட்டே இருக்கும். விடியக்காலைல அஞ்சே முக்காலுக்கு ஆரம்பிச்சா சத்தம் நிக்காது, பக்கத்து ஃப்ளாட்டுக்காரங்க ஒத்துக்கணும். ஒத்தப் பறவையா வெச்சா ஏங்கிப் போயிடும், ஜோடியாவாவது வேணும். கூண்டு நீளவாக்குல பெருசா இருக்கணும், அந்த உருண்டைக் கூண்டு வேண்டாமுங்க, அதுல றெக்கை விரிக்கவே முடியாது. நீங்க நாலாவது மாடின்னு சொன்னீங்க, கொசு வலை அடிக்காத ஜன்னலா இருந்தா வெளில விடவே விடாதீங்க, ஒரு தடவை போச்சுன்னா திரும்பி வழி தெரியாது, காக்கா விடாது.

ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியறதில்ல. நான்ஸ்டிக் தவாவ அடுப்புல வெச்சு மறந்து அதிகமா காஞ்சிடுச்சுன்னா அதுல இருந்து வர்ற புகை நமக்கு ஒண்ணும் பண்ணாத மாதிரி இருக்கும், பறவை நிமிஷத்துல செத்துப் போயிடும். தோசைக் கல்லு இரும்பா இருக்கற வீடா இருந்தா நல்லது.

உங்க பிரச்சனை அந்தப் பத்து நாள் தானுங்க. பட்ஜிக்கு ஒரு நாள் கூட தண்ணி இல்லாம விட முடியாது.

ஓஎம்ஆர்_வித்யா

காலைல சத்தம்னா கஷ்டம் தான், பக்கத்து ஃப்ளாட்ல நைட் ஷிஃப்ட் போற பசங்க இருக்காங்க. பூனை பத்தி யாராவது விவரமா சொல்லுங்களேன். பாட்டி வீட்ல பூனை இருந்துச்சு, தயிர் சாதம் தான் போடுவாங்க, நல்லா தான் இருந்துச்சு. சைவமாவே வளக்க முடியுமா?

பூனைவீட்டு_ரேவதி

வித்யா, எங்க வீட்ல ரெண்டு தெருப்பூனை, ரெண்டும் தத்தெடுத்தது. நீங்க கேட்ட அத்தனைலயும் மனுஷங்களோட ஒட்டி இருக்கறது, மடில வந்து படுக்கறதுன்னு பாத்தா பூனை தான், உங்க பொண்ணு கேக்கறது அனேகமா அதுவா தான் இருக்கும். வாக்கிங் வேணாம், குளிப்பாட்ட வேணாம், மணல் டப்பா வெச்சா பெரும்பாலும் அதுவே பழகிக்கும். காலைல ஒரு தடவை சாய்ங்காலம் ஒரு தடவை டப்பா சுத்தம் பண்ணணும், ரெண்டு வேளை சாப்பாடு, ராத்திரி ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் கயிறு ஆட்டி விளையாடணும், அவ்ளோ தான். பகல்ல நீங்க இல்லாத நேரம் பூரா தூங்கும்.

நாலாவது மாடின்னா பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடிக்காம பூனைய கொண்டு வராதீங்க, இது மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். புறா புடிக்க தாவும், பூனை எங்க இருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றது பொய், தாடை உடைஞ்சு நுரையீரல் அடிபட்டு வந்த பூனைய நான் கைல தூக்கிட்டு ஓடியிருக்கேன். அஞ்சாறு மாசம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க, இல்லன்னா ஆண் பூனை சுவர் பூரா மூத்திரம் அடிக்கும், பெண் பூனை ராத்திரி பூரா கத்தும்.

சைவம் பத்தி வேப்பேரி தங்கச்சி சொல்லட்டும், ஆனா தயிர் சாதம் வேணாம் வித்யா.

வேப்பேரி_கால்நடை_மாணவி

வித்யாக்கா, பாட்டி வீட்டுப் பூனை தயிர் சாதத்துல வாழல, எலி, பல்லி, ஓணான், பக்கத்து வீட்டு மீன் தலைன்னு வெளில போய் சாப்பிட்டுட்டு வந்திருக்கும், தயிர் சாதம் வெறும் கொசுறு. ஃப்ளாட்டுக்குள்ளயே இருக்கற பூனைக்கு நீங்க போடறது மட்டும் தான் சாப்பாடு. டாரின்ங்கற ஒரு சத்து பூனைக்கு கட்டாயம் வேணும், அதோட உடம்பால போதுமான அளவு தயாரிச்சுக்க முடியாது, இறைச்சி மீன்ல தான் இருக்கு. அது இல்லாம மாசக்கணக்குல போனா இதயம் வீங்கும், கண்ணு தெரியாம போகும், போன பார்வை திரும்பி வராது. அதனால சைவப் பூனைங்கறது கெடையாது. பாக்கெட் சாப்பாடு வாங்கிப் போட முடியும்னா, அதோட வாசனை வீட்ல பரவால்லன்னா மட்டும் யோசிங்க. பாலும் வேணாம், வளந்த பூனை நெறையத்துக்கு பால் செரிக்காது, பேதி ஆகும்.

அவசரம்னு வர்ற விஷயங்களையும் சொல்லிடறேன், ஏன்னா பராமரிப்பு கம்மின்னு கேக்கறவங்க தினசரி வேலைய மட்டும் தான் கணக்கு போடறாங்க. ஆண் பூனை மணல் டப்பால போய் போய் உக்காந்து முக்குது, மூத்திரம் வரலன்னா அன்னிக்கே டாக்டர், மறுநாள் பாக்கலாம்னு விட்டா உயிர் போயிடும். காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமால் மாத்திரைல கால்வாசி குடுத்தா கூட பூனைக்கு விஷம். நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்துல பெர்மெத்ரின் இருந்தா அதுவும் விஷம். பூனை, நாய் எது நகத்தால பிராண்டினாலும் கடிச்சாலும் சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், வெறிநாய் தடுப்பூசி அங்க இலவசம், முதல் நாள், 3, 7, 28 னு நாலு தவணை, பாதில விடக் கூடாது. பொண்ணு "சும்மா லேசா தான்மா கீறிச்சு"ன்னு மறைக்காம உங்ககிட்ட வந்து சொல்ற மாதிரி பழக்கி வெக்கணும்.

பூனை வைத்தியச் செலவு கையை கடிச்சா வேப்பேரில எங்க காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, 1903 ல ஆரம்பிச்ச காலேஜ், கூட்டம் இருக்கும், காலைல சீக்கிரம் வந்துடுங்க.

திருவான்மியூர்_சரவணன்

ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட் வேற, அசோசியேஷன் வேற, இதை சேத்து குழப்பிக்காதீங்க. அசோசியேஷன் மீட்டிங் போட்டு மெஜாரிட்டி வெச்சு கூட செல்லப்பிராணிய தடை பண்ண முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015 ல வழிகாட்டுதல் குடுத்திருக்கு. ஆனா வாடகை ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்து போட்டது உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல. அதுல நாய்னு மட்டும் இருந்தாலும் பூனை கொண்டு வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு மெசேஜ்ல பதில் வாங்கி வெச்சுக்கங்க. ஓனர் பிரச்சனை பண்ணி வீடு மாறும்போது பூனைய தெருவுல விட்டுட்டுப் போன குடும்பம் எங்க பில்டிங்லயே இருந்துச்சு, அது அதே கதவு முன்னாடி வந்து வந்து உக்காரும்.

பூனைவீட்டு_ரேவதி

சரவணன் சொல்றது சரி. பூனை பதினஞ்சு வருஷம் வாழும் வித்யா, உங்க பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் இருக்கும், அதுக்குள்ள எத்தனை வீடு மாறுவீங்களோ. பத்து நாள் ஊருக்குப் போனா தினம் ஒரு தடவையாவது ஆள் வந்து சாப்பாடு, தண்ணி, மணல் பாக்கணும். கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு பூனை புடிக்குமான்னு கேளுங்க, அதுல தான் எல்லாமே இருக்கு.

ஓஎம்ஆர்_வித்யா

ஆன்ட்டிக்கு ஆஸ்துமா. பூனை முடின்னா அவங்களால முடியாது, கேக்கவே சங்கடமா இருக்கும். சாப்பாடு வாசனை கூட சமாளிச்சிடலாம், ஆனா ஊருக்குப் போறப்ப வேற யாரும் இல்ல. பொண்ணுக்கு ஆசை பூனை மேல தான், அவ பெருசானதும் பாக்கலாம்னு தான் சொல்லணும் போல.

கொளத்தூர்_மீன்தொட்டி

அக்கா நான் இவ்ளோ நேரம் படிச்சிட்டு தான் இருந்தேன். நான் கொளத்தூர்ல மீன் தொழில், அதனால மீன் விக்கணும்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க, பொருந்தாத வீட்டுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பியும் இருக்கேன். உங்க நிலைமைக்கு ஃபைட்டர் மீன் ஒண்ணே ஒண்ணு. ஆனா பவுல்ல வேணாம்.

ஏன் ஃபைட்டர்னா, தாய்லாந்துல வயல் வாய்க்கால்ல வாழ்ற மீன் அது, தண்ணில காத்து கம்மியா இருந்தாலும் மேல வந்து வாயால நேரா காத்தை இழுத்துக்கும், அதுக்குன்னே தலைல தனி உறுப்பு இருக்கு. அதனால கரண்ட் போனா பம்பு நின்னு மீன் செத்துடுமேன்னு பதற வேணாம். 24 ல இருந்து 28 டிகிரி தண்ணி புடிக்கும், சென்னைல வருஷம் பூரா ஹீட்டர் வேணாம், ஊட்டி கொடைக்கானல்னா தான் வேணும். தனியா இருக்கறது தான் அதுக்கு இஷ்டம், ரெண்டு ஆண் போட்டா ஒண்ணை ஒண்ணு கிழிச்சிடும். ஒத்தையா விட்டா ஏங்குமோன்னு நீங்க கவலைப்படத் தேவையில்லாத பிராணி இந்த லிஸ்ட்ல இது தான். நம்மள அடையாளம் கண்டுக்கும், பொண்ணு கிட்ட வந்தா கண்ணாடிக்கு ஓடி வரும், விரலை நகத்தினா பின்னாடியே வரும்.

20, 25 லிட்டர் தொட்டி எடுங்க, மூடி கட்டாயம், தாவி வெளில விழுந்துடும். சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், மெதுவா ஓடணும், வேகமா தண்ணி அடிச்சா அந்த றெக்கைய வெச்சிட்டு நீந்த முடியாம களைச்சுப் போகும். ஜாவா மாஸ், அனுபியாஸ்னு ரெண்டு தண்ணிச் செடியும் போடுங்க, வெளிச்சம் அதிகம் கேக்காது. வாங்கும்போது பெரிய வால் இருக்கற ஹாஃப்மூன் பாத்து மயங்காதீங்க, பாக்க அழகு, ஆனா அந்த வாலை இழுத்துட்டு நீந்தறதே அதுக்கு பாரம், சீக்கிரம் கிழியும். குட்டை வால் பிளாகட் வாங்குங்க, சுறுசுறுப்பா இருக்கும்.

தினம் ரெண்டு வேளை மூணு நாலு குருணை, அவ்ளோ தான் சாப்பாடு. வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசி தண்ணி மாத்தணும், பூரா மாத்தக் கூடாது. மெட்ரோ வாட்டர்னா குளோரின் இருக்கும், ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு ஊத்துங்க. ஓஎம்ஆர்ல லாரி தண்ணி, போர் தண்ணின்னு மாறி மாறி வரும், ஒரே மாதிரி தண்ணியா பாத்து ஊத்துங்க, திடீர்னு மாத்தினா தான் மீனுக்கு ஆகாது.

சேலம்_சுரேஷ்

25 லிட்டர் எல்லாம் எதுக்குங்க, எங்க ஆபீஸ் டேபிள்ல கண்ணாடி பவுல்ல தான் இருக்கு, ஆறு மாசம் மேல ஆச்சு, நல்லா தான் இருக்கு. கடைலயே சின்ன பாட்டில்ல தான வெச்சு விக்கிறாங்க?

கொளத்தூர்_மீன்தொட்டி

கடைல வெக்கறது விக்கிற வரைக்கும் ப்ரோ, சேத்து விட்டா சண்டை போடும்னு தான் தனித்தனி பாட்டில், அதுலயே வாழ்றதுக்கு இல்ல. காத்தை நேரா இழுக்குற மீன்ங்கறதால அந்த அழுக்குத் தண்ணிலயும் உடனே சாகாது, சாகலைங்கறத பாத்து நல்லா இருக்குன்னு நெனைக்கிறோம். மீனோட கழிவுல அம்மோனியா வரும், அது செவுள எரிக்கும். பெரிய தொட்டில ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல நல்ல பாக்டீரியா வளந்து அந்த அம்மோனியாவ நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்திடும், நைட்ரேட் அவ்ளோ தொந்தரவு பண்ணாது, வாராவாரம் தண்ணி மாத்தறதுல போயிடும். பவுல்ல அந்த பாக்டீரியாவுக்கு இடமே இல்ல. அதனால ரெண்டு நாளைக்கு ஒருக்கா பூரா தண்ணியும் மாத்திட்டு இருக்கணும், வேலைன்னு பாத்தா பவுலுக்கு தான் வேலை ஜாஸ்தி. நல்ல தொட்டில ஃபைட்டர் மூணு வருஷம் சுலபமா இருக்கும். ஆபீஸ் மீனுக்கு ஒரு பத்து லிட்டர் தொட்டியாவது வாங்கிக் குடுங்க ப்ரோ, ஒரு வாரத்துல அது நீந்தற விதமே மாறும், நீங்களே பாப்பீங்க.

சேலம்_சுரேஷ்

சரிங்க, பேசிப் பாக்கறேன்.

வேளச்சேரி_அருண்

கரண்ட் விஷயத்துக்கு நான் சாட்சி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க ஏரியால நாள்கணக்கா கரண்ட் இல்ல, வீட்டைச் சுத்தி தண்ணி. கோல்ட் ஃபிஷ் தொட்டில பம்பு நின்னு எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடிட்டு இருந்துச்சு, நானும் தம்பியும் மாத்தி மாத்தி சொம்புல மொண்டு மேல இருந்து ஊத்திட்டே இருந்தோம், அப்படியும் பாதி போயிடுச்சு. பக்கத்துத் தொட்டில இருந்த ஃபைட்டருக்கு ஒண்ணும் ஆகல. கோல்ட் ஃபிஷ் ஈஸின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அரை அடிக்கு மேல வளரும், பத்து வருஷத்துக்கு மேல இருக்கும், கழிவு ரொம்ப போடும், பெரிய தொட்டியும் நல்ல பம்பும் வேணும். பேட்டரில ஓடுற ஏர் பம்பு கிடைக்குது, எந்த மீன் வெச்சாலும் ஐப்பசி கார்த்திகைக்கு முன்னாடி ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க.

மதுரை_பாண்டி

டேங்க் கிளீனர்னு ஒரு கருப்பு மீன் விக்கிறாய்ங்களே, அதை ஒண்ணு போட்டா தொட்டிய அதுவே சுத்தம் பண்ணிரும்ல?

கொளத்தூர்_மீன்தொட்டி

இல்லண்ணா, அது பாசிய கொஞ்சம் சுரண்டும், அது போடற கழிவு அதை விட ஜாஸ்தி, ஒரு அடிக்கு மேல வளரும், 25 லிட்டர்ல வெக்கறது பாவம். பெருசாச்சுன்னு ஏரில விட்டு விட்டு தான் இப்ப வலை போட்டா விரால் கெண்டைக்கு பதிலா அது ஏறுது, முள்ளு மாட்டி வலைய அறுக்குதுன்னு ஏரி மீனவங்க அழறாங்க. தொட்டி மீன் எதையும், கப்பி உள்பட, வெளித் தண்ணில விடாதீங்க.

அம்பாசமுத்திரம்_ரிட்டயர்டு_டீச்சர்

வித்யாம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. மொட்டை மாடியில ஒரு அகலமான மண் சட்டியில தண்ணி வைங்க, பக்கத்துல கொஞ்சம் நொய்யரிசி, ஊறவச்ச கம்பு. அணில் வரும், மைனா வரும், அதிர்ஷ்டம் இருந்தா சென்னையிலயும் கிளி வரும்லா. பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்து என்னைக்கு என்ன வந்ததுன்னு எழுதச் சொல்லுங்க. ஊருக்குப் போனாலும் அதுக தன் பாட்டைப் பாத்துக்கிடும், கூண்டு கிடையாது, செலவு கிடையாது. தண்ணிய மட்டும் தெனமும் கொட்டி மாத்தணும், இல்லேன்னா கொசு முட்டை போட்டுரும். புறா கூட்டமா சேர ஆரம்பிச்சா தீனி போடுறத நிறுத்திருங்க, காஞ்ச புறா எச்சத்தூள் மூச்சுக் குழாய்க்கு ஆகாது, உங்க கீழ் வீட்டு அம்மாவுக்கு ஆஸ்துமான்னு வேற சொல்லுதீங்க.

ஓஎம்ஆர்_வித்யா

டீச்சர், இது ரொம்ப நல்லா இருக்கு, இதை நாளைக்கே ஆரம்பிச்சிடலாம், நோட்டு ஐடியா அவளுக்கு கண்டிப்பா புடிக்கும்.

வீட்ல பேசினோம். ஃபைட்டர்னு முடிவு. முயல், கினி பிக் எல்லாம் கூட வீட்டுக்காரர் கேட்டார், அது எப்படின்னு யாராவது ரெண்டு வரில சொல்லிட்டா அவருக்கு காட்டிடுவேன். அப்புறம் கொளத்தூர் தம்பி, பத்து நாள் ஊருக்குப் போறப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றது? வாங்கினதும் அன்னிக்கே மீனை விட்டுடலாமா?

வேப்பேரி_கால்நடை_மாணவி

முயலுக்கு காய்ஞ்ச புல்லு தான் முக்கால்வாசி சாப்பாடு அக்கா, கேரட் இல்ல, பல்லு வளந்துட்டே இருக்கும், புல்லை அரைச்சு அரைச்சு தான் தேயும். நகரத்துல தினம் நல்ல புல்லு கிடைக்கறது கஷ்டம், வெயில் தாங்காது, ஒயரைக் கடிக்கும். கினி பிக்குக்கு நம்மள மாதிரியே விட்டமின் சி வெளில இருந்து தினம் குடுக்கணும், ஜோடியா வெக்கணும், தினம் கூண்டு சுத்தம் பண்ணணும். மாசாமாசம் ஊருக்குப் போற வீட்டுக்கு ரெண்டும் வேணாம்.

கொளத்தூர்_மீன்தொட்டி

ரெண்டு நாள் ஊருக்குப் போறதுக்கு ஒண்ணுமே பண்ண வேணாம் அக்கா, நல்லா வளந்த மீன் பட்டினி தாங்கும். பத்து நாள்னா ஆன்ட்டிகிட்ட டப்பாவ குடுத்துட்டு போகாதீங்க, பாவமா இருக்குன்னு அள்ளிப் போட்டுடுவாங்க, மிச்சம் அழுகி தண்ணி கெட்டு மீன் போயிடும், நாங்க பாக்கறதுல நெறைய சாவு இப்படி தான். வாரத்துக்கு மாத்திரை போட்டு வெக்கற டப்பா இருக்குல்ல, அதுல ஒரு நாள் விட்டு ஒரு நாளைக்குன்னு நாலு குருணை எண்ணிப் போட்டுக் குடுங்க, இதுக்கு மேல போடாதீங்க ஆன்ட்டின்னு சொல்லுங்க. கடைல லீவுக்குன்னு வெள்ளைக் கட்டி ஒண்ணு விப்பாங்க, தண்ணில கரையறது, அது வேணாம். கெளம்பறதுக்கு முந்தின நாள் கால்வாசி தண்ணி மாத்திட்டுப் போங்க.

அன்னிக்கே மீனை விடக் கூடாது. தொட்டி, ஃபில்டர், செடி எல்லாம் வெச்சு ஓட விட்டு, நாலஞ்சு குருணை போட்டு விடுங்க, அது அழுகி அம்மோனியா வரும், அதைத் திங்க பாக்டீரியா வளரும், நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். ஓடிட்டு இருக்கற நல்ல தொட்டில இருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைச்சா இன்னும் சீக்கிரம் ஆகும், கொளத்தூர் பக்கம் எந்த நல்ல கடைல கேட்டாலும் குடுப்பாங்க. அம்மோனியா, நைட்ரைட் பாக்கற டெஸ்ட் கிட் வாங்கிடுங்க, ரெண்டும் ஏறி இறங்கி ஜீரோ வந்தப்புறம் மீன். சும்மா இருக்கற தொட்டிய தெனம் டெஸ்ட் பண்ணி கலர் பாக்கற வேலைய பொண்ணுகிட்ட குடுங்க.

ஓஎம்ஆர்_வித்யா

அப்போ இப்ப தொட்டி வெச்சா மே லீவு முடிஞ்சு ஊர்ல இருந்து வந்ததும் மீன் விடலாம், கணக்கு சரியா வருது. ஹால்ல டிவி பக்கத்துல ஜன்னல் ஓரமா இடம் இருக்கு, அங்க வெக்கலாமா? தண்ணி, கல்லு எல்லாம் சேத்து டிவி ஸ்டாண்ட் தாங்குமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

கொளத்தூர்_மீன்தொட்டி

ஜன்னல் வேணாம், வெயில் பட்டா பாசி புடிச்சு கண்ணாடி பச்சையாயிடும், மத்தியானம் தண்ணி சூடாயிடும். தண்ணி மட்டுமே 25 கிலோ, தொட்டி, கல்லோட 35 கிட்ட வரும், பிளைவுட் டிவி ஸ்டாண்ட் நாளாக நாளாக நடுவுல தொங்கும், கடப்பா கல்லு ஷெல்ஃப் இருந்தா அது தான் பெஸ்ட். அடில தெர்மோகோல் ஷீட் ஒண்ணு போட்டு வைங்க. இன்னொண்ணு அக்கா, கொசு மருந்து ஸ்ப்ரே அந்த ரூம்ல அடிக்கவே கூடாது, மீனுக்கு அது கொடிய விஷம், பம்பு அந்தக் காத்தை இழுத்து தண்ணிக்குள்ள விட்டுடும். பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்க வந்தா தொட்டிய பாலித்தீன் போட்டு மூடி பம்பை ஆஃப் பண்ணிடுங்க, ஃபைட்டர் அதுக்குள்ள சமாளிச்சுக்கும், அவங்க போனதும் ஜன்னலத் தொறந்து நல்லா காத்து போனப்புறம் எடுங்க.

வேப்பேரி_கால்நடை_மாணவி

பொண்ணுக்கு ரெண்டு ரூல் மட்டும் சொல்லி வெச்சிடுங்க அக்கா. கைல புண்ணு, கீறல் இருந்தா தொட்டிக்குள்ள கைய விடக் கூடாது, தொட்டித் தண்ணில இருக்கற ஒரு கிருமி புண்ணு வழியா போய் ஆறாத கட்டி மாதிரி வரும். விட்டுட்டு எடுத்தா முழங்கை வரைக்கும் சோப்பு. தண்ணி மாத்தற பக்கெட்டும் மக்கும் தனியா வாங்கிடுங்க, பாத்ரூம்ல சோப்பு போடற பக்கெட் மீனுக்கு ஆகாது.

ஓஎம்ஆர்_வித்யா

சரி மா, பக்கெட் லிஸ்ட்ல சேத்துட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை தொட்டி வாங்க மூணு பேருமா கொளத்தூர் போறோம், டெஸ்ட் கிட்ல நம்பர் எதுவும் புரியலன்னா இங்கயே போடறேன்.